மைக் போகவில்லை, பிளக்தான் வேறு

மொபைலுக்கு வாங்கிய ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் செருகினால் பாட்டு கேட்கிறது, பேசினால் பதிவாகவில்லை. அப்படியானால் மதர்போர்டின் சவுண்ட் சிப் போய்விட்டது என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. போர்டை மாற்றும் முன் தயவுசெய்து பிளக்கைப் பாருங்கள்.

3.5 மி.மீ. பிளக்கின் உலோகத்தில் மெல்லிய வளையங்கள் தெரியும், பெரும்பாலும் கறுப்பாக. இரண்டு வளையம் என்றால் மூன்று இணைப்பு: இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். மூன்று வளையம் என்றால் நான்கு இணைப்பு. கூடுதலாக உள்ளது மைக். இப்போதைய மொபைல் ஹெட்செட்களில் அது கேபிள் பக்கத்துக் கடைசிப் பகுதியில் இருக்கும். டெஸ்க்டாப்பின் ரோஸ் நிற மைக் துளையோ பிளக்கின் நுனியில் மைக்கைத் தேடுகிறது. நுனியில் இருப்பது இடது ஸ்பீக்கர். பிறகு குரல் எப்படிப் போகும்?

சரிபார்ப்பது சுலபம். வளையங்களை எண்ணுங்கள். அப்புறம் அதே ஹெட்செட்டை மொபைலில் செருகிப் பேசிப் பதிவு செய்யுங்கள். அங்கே குரல் விழுந்தால் மைக் நன்றாக இருக்கிறது. ஹெட்போன், மைக் என்று இரண்டு பிளக்காகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கி, ஹெட்போன் பிளக்கைப் பச்சைத் துளையிலும் மைக் பிளக்கை ரோஸிலும் செருகிப் பாருங்கள். இரண்டு பேர் பாட்டு கேட்பதற்கான ஸ்ப்ளிட்டரும் கடையில் பக்கத்திலேயே தொங்கும், அது இதற்கு உதவாது. முனைகளில் மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹெட்செட் படம் போட்ட ஒற்றைத் துளை உள்ள லேப்டாப்புக்கு இது தேவையே இல்லை.