கை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

2025 ஆசியக் கோப்பையில் துபாயில் பாகிஸ்தானோடு ஆடிய நம் கிரிக்கெட் அணி, அவர்களுக்குக் கை கொடுக்க மறுத்தது. அந்த ஆட்டம் பற்றி, கை கொடுத்திருக்கலாம் என்று நான் போட்ட இரண்டு வரிக்கு வந்த வசவையெல்லாம் படித்துவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், கை கொடுத்திருக்க வேண்டும். பஹல்காமில் 26 பேரைக் கொன்றவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆடவே மாட்டோம் என்று முடிவெடுத்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன். ஆனால் ஒரே தொடரில் மூன்று முறை ஆடுவோம், டிக்கெட் விற்போம், விளம்பரம் போடுவோம், கையை மட்டும் கொடுக்க மாட்டோம் என்றால் இது என்ன வீரம்?

"ராணுவத்தை அவமதிக்கிறாய்" என்கிறார்கள். சரி, ராணுவத்தைப் பற்றியே பேசுவோம். 1999 கார்கில் போர், டைகர் ஹில். பாகிஸ்தான் கேப்டன் கர்னால் ஷேர் கான் கடைசிவரை சண்டை போட்டுச் செத்தார். அவர் உடலைத் திருப்பி அனுப்பும்போது, இந்த மனிதர் வீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதி அவர் சட்டைப்பையில் வைக்கச் செய்தவர் நம் பிரிகேடியர் பாஜ்வா. அந்த கேப்டனுக்கு அவர்களுடைய நாட்டின் உச்ச ராணுவ விருது கிடைத்தது. தன் ஜவான்களை அதே மலையில் பறிகொடுத்தவர் எழுதிய சீட்டு அது. அவரைவிட நமக்குக் கோபம் அதிகமா?

பஹல்காமுக்குப் பிறகு மூண்ட சண்டையில், 2025 மே 10-ஆம் தேதி மதியம் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவத்திலிருந்து ஹாட்லைனில் போன் வந்தது, நம் தளபதி எடுத்துப் பேசினார், மாலை 5 மணியிலிருந்து சண்டையை நிறுத்துவது என்று முடிவானது. ட்ரோன் பறந்துகொண்டிருந்த நேரத்தில் பேச முடிகிறது. மரியாதை நண்பனுக்கு எதற்கு? அவனோடு எப்படியும் பேசிவிடலாம். எதிரியிடம்தான் அது வேண்டும்.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட் ஆட்டம். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்து அவுட்டாக, மிச்ச விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்து 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் அப்படியே உறைந்துவிட்டது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு கைதட்டல், பார்த்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வருகிறது. என் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினானே ஒருவன், அவன்தான் முந்தாநாள் என்னைத் துரோகி என்று எழுதினான். கல்லூரியிலிருந்து கூடவே இருப்பவன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே.

"வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார், கார்கில்தானே பதிலாக வந்தது" என்பீர்கள். ஆமாம், வந்தது. அதற்குப் பிறகும் 2004-இல் இஸ்லாமாபாத் போய் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்போடு உட்கார்ந்து பேசியதும் அதே வாஜ்பாய்தான். அவரையும் துரோகி என்பீர்களா?

"உன் வீட்டில் ஒரு உயிர் போயிருந்தால் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குடும்பங்களில் ஒருவர் கை கொடுக்காதே என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் என்னைத் திட்டியவர்களில் யாரும் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. கருத்தைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். என் மகளின் படத்துக்குக் கீழே போய்த் திட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.