செவுளைத் தூக்கிப் பாரு

(காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. ஏலம் ஓய்ந்து சில்லறைக் கூட்டம் முண்டியடிக்கிற நேரம். சரசு மீன் வெட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். பிறந்தது வியாசர்பாடி, வாழ்க்கைப்பட்டது காசிமேடு. கால்பந்தைப் பிறந்த இடத்தில் கற்றுக்கொண்டார், கத்தியைப் புகுந்த இடத்தில். டில்லி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பை. அதற்குள் இருக்கும் மீனுக்குப் பிறகு வருவோம்.)

டில்லி: யக்கா, இத்த கொஞ்சம் வெட்டிக் குடுக்கா. வஞ்சிரம். ஸ்லைஸா போடு.

சரசு: அப்டி வெய். உனக்கு மின்னாடி நாலு பேரு கீறாங்கோ. இன்னாடா மூஞ்சி, ராத்திரி தூங்கலியா?

டில்லி: ஸ்டாண்டுல தகராறுக்கா. ஐ.எஸ்.எல். புட்பால்ல ஆட்ற நம்ம 'சென்னையின் எஃப்.சி.' டீமுக்கு இதுவரிக்கும் வந்த பாரின் பிளேயருக்கெல்லாம் பத்துக்கு மார்க் போடலாம்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். சவாரிய வுட்டுட்டு பதினோரு மணி வரிக்கும் சண்ட. அதுல ஒருத்தன் இத்தாலி டிபென்டரு நெஸ்டாவுக்கு பத்து போட்றான்கா!

சரசு: நீ எவ்ளோ போட்ட?

டில்லி: மூணு.

சரசு: (கத்தி பாதி மீனில் நிற்கிறது) எவ்ளோ?

டில்லி: பின்ன இன்னாக்கா? 2014-ல வந்தாரு, 38 வயசு. அதுவும் பாதி சீசன் போனப்புறம். ஆடுன மேட்ச வெரல் வுட்டு எண்ணிடலாம்.

சரசு: கருவாட்ட வாங்கிகினு போயி, இன்னாடா இது துள்ள மாட்டேங்குதுன்னு கேப்பியா நீ?

டில்லி: அதில்லக்கா...

சரசு: எது இல்ல? அந்தாளு ஒரு மேட்ச்ல நின்னத டிவில பாத்தேன். ஓடல. ரெண்டு எட்டு வெச்சாரு, அவ்ளோதான். எதிராளி பத்து எட்டு ஓடியாந்து பந்த இவரு கால்லயே குடுத்துட்டுப் போறான். எங்க வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டுல பசங்க நாள் பூரா ஓடுவானுங்க. எங்க நிக்கணும்னு மட்டும் தெரியாது. வஞ்சிரக் கருவாடுடா அது. ஒரு துண்டு போட்டா சட்டி பூரா மணக்கும். எட்டு போடு.

டில்லி: எட்டெல்லாம் ஓவரு. ஆறு.

சரசு: ஏழு. மேல பேசுன, மீன அப்டியே முழுசா குடுத்தனுப்புவேன்.

(எழுதியவன் குறுக்கிட்டால்: நான் ஏழரை போட்டிருப்பேன். கத்தி அவர் கையில் இருந்ததால் கேட்கவில்லை.)

டில்லி: சரி, மட்டராசி? 41 வயசு. கோச்சும் அவுருதான், பிளேயரும் அவுருதான்.

சரசு: மொதலாளியே கல்லாவுலயும் குந்தி பரோட்டாவும் போட்டா கொஞ்சம் கருகத்தான் செய்யும். ஆனா ஒண்ணு தெரியுமா உனுக்கு? 2006 வேர்ல்டு கப்புல இத்தாலி செக் டீமோட ஆடசொல்லோ நெஸ்டாவுக்கு அடிபட்டுச்சு. அப்ப பெஞ்சுலேந்து எழுந்து வந்தவருதான் இந்த மட்டராசி. வந்த மேட்ச்லயே கோலு. பைனல்லயும் கோலு. ஜிடான் இவுரு நெஞ்சுல முட்டுனது, கப்பு தூக்குனது, எல்லாம் அப்பால. நெஸ்டா நல்லா இருந்திருந்தா இவுரு அன்னிக்கு குந்திகினு தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துகினு இருந்திருப்பாரு.

டில்லி: அட! அந்தக் கடன தீக்கத்தான் எட்டு வருசம் கழிச்சி மெட்ராசுக்கு கூப்ட்டாரா?

சரசு: நம்ம காசுல தீத்தாரு. அத்த வுடு. அடுத்த வருசம் கோச்சா கப்பு வாங்கிக் குடுத்தாருல்ல? பிளேயருக்கு அஞ்சு, கோச்சுக்கு ஒம்போது. கூட்டி ரெண்டால வகுத்துக்க.

டில்லி: ஏழு. அப்ப நெஸ்டாவும் ஏழு, இவுரும் ஏழு. ஸ்டாண்டுல அடிப்பானுங்கக்கா. சில்வெஸ்தருக்கு இன்னா போட? 2014-லயே 37.

சரசு: அந்த செமி பைனலுக்குப் போனியா நீ?

டில்லி: (பெருமூச்சு) நேரு ஸ்டேடியத்துலயே இருந்தேன்கா. கொச்சில 3-0 வாங்கிகினு வந்தோம். யாராச்சும் நம்புவாங்களா? அன்னிக்கு சில்வெஸ்தர் ஒண்ணு போட்டாரு, கேரளாக்காரனே ஒண்ணு அவுங்க வலையில போட்டுகினான், கடைசி நிமிசம் ஜேஜே ஒண்ணு. 3-0! நான் சட்டைய கயட்டி சுத்துனேன், பக்கத்துல ஒரு பெரியவரு என்னைய கட்டிப் புட்ச்சி அழுவறாரு. அப்பால எக்ஸ்ட்ரா டைம். 117-வது நிமிசம் பியர்சன்னு ஒருத்தன்...

சரசு: வேணாம். காலங்காத்தால அந்தப் பேர சொல்லாத.

டில்லி: சுத்துன சட்ட எங்க போச்சுன்னே தெரியலக்கா. பெரியமேட்லேந்து தண்டையார்பேட்ட வரிக்கும் பனியனோட நடந்தே வந்தேன். வூட்டுக்கு வந்தா என் பொண்டாட்டி சிரிக்கிறா. அவ பாலக்காடு. கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி.

சரசு: அவ டீமுக்கு மார்க் போட்டீங்களா?

டில்லி: போட்டோமே. 2017-ல பெர்படோவ் வர்றாருன்னதும் அவ ஜெர்சியே வாங்கிட்டா. 36 வயசு. அவுரு பந்த தொட்ற டச்சு, அவுரு ஸ்டைலுன்னு ஒரு மாசம் எனக்கு பாடம். சீசன் முடியறதுக்குள்ள அந்த ஜெர்சியால நான் ஆட்டோ கண்ணாடி தொடச்சிகினு இருந்தேன்.

சரசு: (சிரிப்பில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு) யம்மா, உங்க தலை தனியா கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்கம்மா. ...ஆங், சொல்லு. அந்தக் காலத்துல எல்லாரும் அதத்தான பண்ணானுங்க. டெல்லிக்காரன் டெல் பியரோவ கூட்டியாந்தான். புனேக்காரன் திரேசகே. போஸ்டர்ல மூஞ்சி வேணும், டிக்கெட்டு விக்கணும். நம்மாளு மட்டும் இன்னா பண்ணான்? டிபன்ஸ்ல கருவாட்டுக் கடையே வெச்சான்! கொழம்புக்கு ஒரு துண்டு போதும்டா. தட்டு நெறைய வெச்சா யாரு துன்றது?

டில்லி: எலானோ மட்டும் கில்லிக்கா.

சரசு: எலானோவ பத்தி பேசாத, பத்து. 33 வயசு, அடிபட்டு பாதி நாளு வெளிய குந்தியும் 8 கோலு, அந்த சீசன்லயே அதிக கோலுன்னு 'கோல்டன் பூட்' அவார்டு. பிரீ கிக் எடுக்கசொல்லோ செவுரு மாதிரி மறச்சி நின்னவன் பந்த பாக்கல, கண்ண மூடிகினான்.

டில்லி: அப்ப மெண்டோசா?

சரசு: அது உயிர் மீனு. கூடைலேந்து எகிறி மறுபடியும் கடல்ல குதிக்கிற ஜாதி. அதுக்கு தராசே வேணாம்.

டில்லி: 2015-ல 13 கோலு. அந்த டிசம்பர் வெள்ளத்துல எங்க வூட்ல இடுப்பு வரிக்கும் தண்ணி. இப்பக்கூட செவுத்துல அந்தக் கோடு கீது, சுண்ணாம்பு அடிச்சாலும் மறைய மாட்டேங்குது. நம்ம ஊரு செமி பைனலையே புனேக்கு தூக்கினு போய்ட்டாங்க. பைனல் அன்னிக்கு நான் கட்டிலுக்கு அடியிலேந்து சேறு வழிச்சிகினு கீறேன். எதிர் வூட்டு டிவில சத்தம் மட்டும் வருது. கோவா 2-1 லீடிங். சரி, இந்த வருசம் எல்லாமே போச்சுன்னு நெனச்சிகினு மொறத்தால சேத்த அள்றேன்...

சரசு: கோவா கோல்கீப்பரே உள்ள தள்ளி வுட்டான்.

டில்லி: 2-2. அள்ளுன சேறு கையில அப்டியே நிக்குது. ரெண்டு நிமிசத்துல மெண்டோசா! 3-2! அந்த சேத்த தூக்கி மேல வீசிட்டேன்கா. மறுபடியும் மொதல்லேந்து கழுவுனோம்.

சரசு: பத்துக்கு பதினொண்ணு போட்டுக்க.

டில்லி: 2016 ரீசே? லிவர்பூல்காரரு.

சரசு: எடது கால்ல பீரங்கி கட்டிகினு சுத்துன ஆளு. 2005-ல லிவர்பூலோட சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சவரு. இங்க வரசொல்லோ 36. எட்டு டீம்ல நாம ஏழாவது. அவுர மட்டும் சொல்லி இன்னா பண்றது? கருவாடு நல்லதுதான், கொழம்பு தண்ணி. அஞ்சு.

டில்லி: வால்ஸ்கிஸ்?

சரசு: அவரும் 32 வயசுலதான் வந்தாரு. யாருக்காச்சும் பேரு தெரிஞ்சிதா? பேனரு வெச்சானா? 2019-20-ல 15 கோலு. அடியில கெடந்த டீமு பைனல் வரிக்கும் போச்சு. பேரு தெரியாத மீனுதான்டா சில நாளு வலைய கிழிக்கும்.

டில்லி: அப்பால ஜம்ஷெட்பூர் போயிட்டு 2022-ல திரும்பி வந்தாரே?

சரசு: மீன் கொழம்பு மறுநாளு ருசி. மூணாம் நாளு சூடு பண்ணி சாப்டக் கூடாது. மொத தபா ஒம்போது, ரெண்டாவது தபா நாலு.

டில்லி: இப்ப வருது பாருக்கா, ஸ்டாண்டுல எல்லாரும் ஒத்துமையா மார்க் போட்ட ஒரே ஆளு. 2020-21. சில்வெஸ்ட்ர்.

சரசு: சில்வெஸ்தருக்கு இப்பத்தான போட்டோம்?

டில்லி: அவுரு பிரான்சு, டிபன்ஸு. இவுரு சுலோவாக்கியா, ஸ்ட்ரைக்கரு. ஜெர்மனி ரெண்டாவது டிவிசன்ல கோலா போட்டுத் தள்ளுனவருன்னாங்க.

சரசு: ஓ, அவுரா? அதான்டா ஐஸ் மீனு. பாக்க பளபளன்னு கீது, தராசுல நிக்கிது, சட்டில போட்டா கரைஞ்சிடுது. கொரோனா வருசம், எல்லா மேட்சும் கோவாவுல, ஸ்டேடியத்துல ஈ காக்கா இல்ல. 20 மேட்ச்ல 11 டிரா. நம்ம வூட்ல குந்திகினு டிரா பாத்தே வயசாயிப் போச்சு. நீங்க எவ்ளோ போட்டீங்க?

டில்லி: ரெண்டு.

சரசு: ஒண்ணு அதிகம். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வயசானவன மொறச்சி பிரயோஜனம் இல்ல. கருவாட்ட எவனும் புது மீனுன்னு சொல்லி விக்க மாட்டான். இது காஞ்சது, இது வெல, புட்ச்சா வாங்கு. 30 வயசுக்காரன் ஐஸ் பொட்டில பத்து நாளு கெடந்துட்டு, இப்பத்தான் கரையேறுனேன்னு வர்றான் பாரு, அவன் செவுளத் தூக்கணும். நம்மாளுங்க யாரு தூக்குனா? பேர பாத்தான், வீடியோ பாத்தான், துட்டு குடுத்தான். அந்த வருசத்தோட சேத்து மூணு வருசம், எட்டாவது எடம், எட்டாவது எடம், எட்டாவது எடம்.

டில்லி: கூடவே நம்ம பசங்கள வுட்டுட்டானுங்கக்கா. நந்தகுமார் மெட்ராஸ் பையன். 2023 டூராண்டு கப்புல ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, மோகன் பகான் மேல ஒத்த கோலு. அவுங்ககிட்ட எட்டு மேட்சா தோத்துகினு இருந்தவங்கள ஜெயிக்க வெச்சான். கொல்கத்தாவே அவன தூக்கி வெச்சி ஆடுச்சு.

சரசு: ஏப்ரல் பதினஞ்சுலேந்து ஜூன் பதினாலு வரிக்கும் தடைக்காலம். போட்டு போவாது. அப்ப வெளியூரு மீனு வாங்கு, தப்பில்ல. போட்டு பூரா மீனோட கரைக்கு வந்து நிக்கசொல்லோ, காசிமேட்லயே குந்திகினு வெளியூரு லாரிக்கு காத்திருந்தா இன்னா சொல்றது? 2018 செமி பைனல்ல கோவாவ 3-0 அடிச்சமே, அதுல ஒண்ணு தனபால் கணேஷ். நம்ம ஊரு புள்ள. அவுனுக்கு எவ்ளோ போட்டீங்க?

டில்லி: லிஸ்டுல பாரின்காரங்க மட்டும்தான்க்கா.

சரசு: லிஸ்டையே கிழிச்சிப் போடு. ...சரி, உன் வஞ்சிரத்த எடு.

(பையைப் பிரிக்கிறார். மீனை வெளியே எடுத்து, ஒரு முறை புரட்டுகிறார். விரலால் வயிற்றில் அமுக்குகிறார். அமுங்கிய பள்ளம் அப்படியே நிற்கிறது. டில்லியை ஒரு பார்வை பார்க்கிறார்.)

சரசு: எங்க வாங்குன?

டில்லி: கேட்டுக்கு வெளிய, வண்டில ஒருத்தன். கிலோ 400-னு குடுத்தான்கா. நல்ல ரேட்டு.

சரசு: வஞ்சிரம், ஞாயித்துக்கெழம, 400?

டில்லி: ராத்திரி வந்த போட்டுன்னான்... மீனும் பளபளன்னு இருந்துச்சி...

சரசு: செவுளத் தூக்கிப் பாத்தியா?

டில்லி: (அமைதி)

(சரசு தூக்கிக் காட்டுகிறார். உள்ளே நாலு வருஷம் துவைத்த காக்கிச் சட்டையின் நிறம்.)

சரசு: இது வஞ்சிரமே இல்லடா. மாவுலாசி. அதுவும் ஐஸ்லயே பொங்கலு, தீவாளி எல்லாம் கொண்டாடிட்டு வந்துகீது.

டில்லி: அய்யோ. யக்கா... இதுக்கு மார்க்கு?

சரசு: ரெண்டு. அதுவும் வெட்டுக்கூலி எனக்கு வர்றதால.

டில்லி: வூட்ல வஞ்சிரம் வறுவல்னு சொல்லிட்டு வந்துட்டேன்கா. மசாலா அரைச்சி ரெடியா வெச்சிருப்பா. இன்னான்னு சொல்றது?

சரசு: (முதல் துண்டைப் போட்டபடி) பெர்படோவ்னு சொல்லு. அவளுக்குப் புரியும்.