'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' வேத வசனமா?

இங்கே ஒரு சகோதரர் பகிர்ந்த படம், 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பதை வேதாகமத்தின் 1 தீமோத்தேயு 6:6 (தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், அதாவது கடிதம், ஆறாம் அதிகாரம், ஆறாம் வசனம்) என்று குறிப்பிடுகிறது. பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் இது இருமுறை வந்துவிட்டதால், பகிர்ந்த சகோதரர் தவறாக எண்ணமாட்டார் என்ற நம்பிக்கையுடன் எழுதுகிறேன். அது நம் தமிழ்ப் பழமொழி. வேதாகமத்தில் அவ்வரி இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனம், 'போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்' என்றிருக்கிறது. தொடக்கச் சொற்கள் ஒத்திருப்பதால் குழப்பம் நேர்வது இயல்பே (நானும் சிறுவயதில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்). ஆனால் பழமொழி மனநிறைவையே செல்வமாக்கும் மருந்தாகக் காண, அப்போஸ்தலனாகிய பவுல் இந்நிருபத்தில் அதைத் தேவபக்தியோடு இணைத்து, எட்டாம் வசனத்தில் அதன் அளவையும் வெளிப்படையாகச் சொல்கிறார்: 'உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்.'

சரிபார்க்க விரும்புவோர், தெசலோனிக்கேயர் நிருபங்களுக்கு அடுத்துள்ள தீமோத்தேயு முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஆறு முதல் பத்து வரையுள்ள வசனங்களைச் சேர்த்து வாசிக்கலாம். கைப்பேசி வேதாகமச் செயலியில் 'போதுமென்கிற' என்று தேடினாலும் அவ்வசனம் கிடைக்கும். வேறு மொழிபெயர்ப்புகளில் சொற்கள் மாறலாம்; பொன்னும் மருந்தும் எதிலும் வராது.