தவிலுக்கு நடுவே ஒரு டிக்

சேலத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்த 'டிக்' சத்தம் துரத்துகிறது. அம்மாப்பேட்டையில் கேட்டேன், ஃபேர்லேண்ட்ஸில் கேட்டேன், ஏற்காட்டில் ஒரு வரவேற்பிலும் அதே கதை. நாகஸ்வரக்காரர் மேல் ஷட்ஜத்தில் மூச்சைப் பிடித்து நிற்கிறார். சரியாக அங்கே ஸ்பீக்கரில் டிக்! மைக்செட்காரரைக் கேட்டால், "ஒயர் லூசா இருக்கும்ங்கண்ணா."

ஒயர் என்ன பாவம் செய்தது? மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் டிஜிட்டல் மிக்ஸர் தன் கடிகாரப்படி நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கிறது. அந்த ஒலி போய் வரும் பக்கத்து லேப்டாப்புக்கு வேறு கடிகாரம், அதன் நொடி கொஞ்சம் நீளம். மிஞ்சுகிற அளவுகள் எங்கே போகும்? லேப்டாப்பில் அவற்றைச் சேர்த்துவைக்கும் இடம் நிரம்பியதும் கொட்டிவிடும், அலை நடுவில் அறுந்துவிடும். அதுதான் அந்த டிக். இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற மெனுவிலேயே வழி இருக்கிறது. யார் திறந்து பார்த்தார்கள்?

அப்புறம் ஒரு மண்டபத்தில் போட்ட தாலாட்டுப் பாட்டு! நொடிக்கு 44,100 அளவுகளாகப் பதிந்ததை 48,000-ல் ஓடவிட்டால் சுருதியும் வேகமும் சேர்ந்து ஏறும். பாடியவரின் குரலே மாறிப்போனது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைப் பூவில் ஒரு இதழ் வாடினால் சண்டைக்குப் போகிறார்கள். காதுக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்?