கட்டைவிரலால் நாண் இழுப்பது தப்பா?

"முகவாய்க்குக் கீழே கையை வை, மூன்று விரலால் இழு, மற்றதெல்லாம் தப்பு." வில் பழக வரும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒலிம்பிக் வில்லுக்கு அது சரி. அதில் சைட், அதாவது குறிபார்க்கும் கருவி, இருக்கிறது, கண்ணுக்கும் அம்புக்கும் உள்ள இடைவெளியை அது ஈடுகட்டிவிடும். சைட் இல்லாத மரவில்லில் அம்புதான் குறி. கையை வாயோரத்துக்கு உயர்த்தினால் அம்பு கண்ணுக்கு நெருங்கி வரும், கிட்ட இருக்கும் இலக்கை அம்பு நுனியை வைத்தே பார்த்துவிடலாம். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்தாலும் இதே பலன்தான், நாணில் அம்பு மாட்டும் இடத்தை மட்டும் சற்று மேலேற்ற வேண்டும்.

எனக்குப் பிடித்துப்போனது கட்டைவிரல் முறை. கட்டைவிரலை மடக்கி நாணைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் அதைப் பூட்டி, காது வரை இழுப்பது. வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிடும். குட்டையான வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையாக மடங்கி மூன்று விரலையும் நசுக்கும். கட்டைவிரலில் அந்தத் தொல்லை இல்லை, குதிரை வீரர்கள் இதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1885லேயே எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் உலகத்தார் அம்பு விடும் முறைகளை வகை பிரித்து எழுதினார். அதில் மூன்று விரல் முறையும் ஒன்று, கட்டைவிரல் முறையும் ஒன்று. ஜப்பானில் இன்றும் கட்டைவிரலுக்குத் தனிக் கையுறை போட்டு, காதையும் தாண்டி இழுக்கிறார்கள். நாண் இழுக்கக் கட்டைவிரலில் மோதிரம் போடுவதும் உண்டு, ஷாஜகானின் ஜேட் கல் வில் மோதிரம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு ஏன், ஏகலைவன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைக் கொடுத்த பிறகும் மற்ற விரல்களால் எய்தான், பழைய வேகம்தான் போய்விட்டது. எனக்கு அந்த இடத்தில் தெரிவது இந்த இழுப்புதான். நம் நாட்டுப் பழக்கத்தை நம் மைதானத்திலேயே தப்பு என்பது என்ன நியாயம்?

ஆனால் ஆசைப்பட்டவுடன் கையில் இருக்கும் வில்லைக் காது வரை இழுத்துவிடாதீர்கள். வில்லின் பவுண்டு கணக்கு, அதாவது இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது, பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2, 3 பவுண்டு கூடும். அந்த நீளத்துக்குச் செய்யப்படாத வில் முறிந்து முகத்தில் அடிக்கும். அம்பும் நீளமாக வேண்டும், குட்டை அம்பு வில்லைத் தாண்டி உள்ளே வந்தால் இடக்கையைக் குத்திவிடும். 20 பவுண்டு வில் போதும். மோதிரம் வாங்கும் முன் செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் கட்டைவிரலுக்கு ஒரு துண்டுத் தோல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறகின் முன்நுனியை நூலால் இறுக்கிச் சுற்றுங்கள், அம்பு இடக்கைக் கட்டைவிரல் மேல் உரசிப் போவதால் இறகுத்தண்டு கிழித்துவிடும். கம்மல், ஜிமிக்கி போட்டிருந்தால் கழற்றி வையுங்கள்.

அப்புறம், இலக்கு ஐந்தாறு அடிக்குள் இருக்கட்டும். கண்ணை மூடிக்கூட எய்யலாம், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மண்மேடு இருந்தால். கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அம்பு எங்கே குத்துகிறது என்பதை வைத்து முதல் வாரங்களில் புது முறையை எடைபோட்டால் பழையதுதான் ஜெயிக்கும். அதோடு ஆங்கர் (இழுத்த கை வந்து நிற்கும் இடம்), பிடி, வில், அம்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது. நம் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் நின்று எய்துவிட்டு "இந்த முறை சரியில்லை" என்றால், அது கணவாய்க் காற்றின் வேலை. விளைக்குள், தென்னை மறைவில் நின்று பழகுங்கள்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு நீங்கள் சொல்வதே வேதம், நான் குறுக்கே வரமாட்டேன். சும்மா ஆசைக்கு மரவில் எடுத்து வருபவருக்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு இடம் கொடுங்கள்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது பழகிப் பார்க்க நினைத்தால் கமெண்டில் சொல்லுங்கள். என்னிடம் தோல் மோதிரங்கள் சில அளவுகளில் இருக்கின்றன, லேசான வில் ஒன்றும் சும்மாதான் கிடக்கிறது.