‘ஹைப்போஸ்பேடியஸுக்கு எப்போதும் ஒரே ஆபரேஷன் போதும்’: பரவும் தகவல் தவறு

“சிறுநீர்த் துளை ஆண்குறியின் அடிப்பக்கம் இருந்தால் ஒரே ஆபரேஷன் போதும். இரண்டு கட்டம் என்பது பணம் பறிக்கத்தான். முதலில் முன்தோலை நீக்கிவிடுங்கள்” என்று ஹைப்போஸ்பேடியஸ் பற்றி, அதாவது சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அதன் கீழ்ப்புறத்தில் அமைந்துவிடும் பிறவிக் குறை பற்றி, ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

துளை நுனிக்கு அருகில், ஆண்குறியின் வளைவும் குறைவு என்றால் ஒரே கட்டம் போதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படித்தான். 1994இல் ஸ்னாட்கிராஸ் என்ற மருத்துவர் விவரித்த முறையில், சிறுநீர்ப்பாதைத் தட்டின் (குழாயாக மூடாமல் பட்டையாக நின்றுவிட்ட திசுவின்) நடுவே நீளவாக்கில் கீறி, அகலப்படுத்தி, குழாயாகச் சுருட்டித் தைப்பார்கள்.

துளை விதைப்பை அருகே இருந்து, தோலைப் பிரித்த பிறகும் வளைவு 30 டிகிரிக்கு மேல் நின்றால் நிலைமை வேறு. நேராக்க அந்தத் தட்டையே குறுக்கே வெட்ட வேண்டிவரலாம். பிறகு சுருட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் முதல் கட்டத்தில் முன்தோலின் உட்பகுதியை அங்கே ஒட்டுவார்கள். அது பிடித்து மென்மையாவதற்குக் குறைந்தது 6 மாதம் ஆகும், அதன்பிறகே குழாய். இரண்டு கட்ட முறையிலும் சிறுநீர் கசியும் துளை, குழாய்ச் சுருக்கம் வரக்கூடும். ஆனாலும் கடும் வளைவை மிச்சம் வைத்துத் தைப்பதைவிட இது நல்லது.

முன்தோல்தான் இங்கே மூலப்பொருள். முன்கூட்டியே நீக்கவே கூடாது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஆபரேஷனுக்கு அது சொல்லும் வயது 6 முதல் 18 மாதம்.

கூடவே விதைகள் இறங்காமலும் இருந்தால், ஆபரேஷனுக்கு முன் ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.