"நாடகம் மாதிரி இருக்கிறது" என்பது குறையா?

போன சனிக்கிழமை எங்கள் பகுதித் திரையரங்கில் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது, முன்னால் போனவர் தன் நண்பரிடம் சொன்னார்: "நடிப்பெல்லாம் அருமை. ஆனால் என்ன, நாடகம் மாதிரியே இருக்கிறது." நண்பரும் தலையாட்டினார். அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் புகழ்பெற்ற நாடகங்களைத் தழுவிய படங்களை இந்த மாதம் வாரம் ஒன்றாகத் திரையிடுகிறார்கள். இது மூன்றாவது. மூன்று வாரமும் அதே பேச்சைக் கேட்டேன். தமிழில் 'நாடகத்தனம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். விமர்சனத்தில் அதைப் போட்டுவிட்டால் அந்தப் படத்தின் கதை முடிந்தது. கேமரா நகரவில்லையா, ஆட்கள் நின்ற இடத்திலேயே பேசுகிறார்களா, கதை ஒரே வீட்டுக்குள் நடக்கிறதா, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். சோம்பேறித்தனமாக எடுக்கப்பட்ட படத்தின் பழியை நாடகத்தின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

படியில் முன்னால் போனவர் குறை சொன்ன படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸின் இந்த நாடகத்தை 1947-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இயக்கியவர் எலியா கசான். 1951-இல் படமாக்கியவரும் அவரே. திரைப்படம்தானே, வெளியே போகலாமே என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. கதாநாயகி பிளான்ஷ் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வருவதற்கு முன் அவள் வாழ்வில் நடந்ததையெல்லாம் காட்சிகளாக விரித்துத் திரைக்கதை எழுத வைத்துப் பார்த்தார். விரித்ததும் கதையின் பிடி தளர்ந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. படம் போகப்போக அந்த வீட்டின் சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தி, அறையைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். பிளான்ஷாக வரும் விவியன் லீ ஒதுங்கி நிற்க இடமில்லாமல் தவிப்பதும், தங்கையின் கணவனாக வரும் மார்லன் பிராண்டோ எங்கே திரும்பினாலும் அவள் வழியை மறிப்பதும் வெறும் நடிப்பால் மட்டும் வந்தவை அல்ல. படியில் முன்னால் போனவர் 'நாடகம்' என்று உணர்ந்தது இந்த நெருக்கத்தை என்றால், அதைக் கூட்டிக் கொடுத்தது சினிமாதான்.

இயக்குநர் சிட்னி லூமெட்டும் 'டுவெல்வ் ஆங்ரி மென்' (1957) படத்தில் இதைத்தான் வேறு வழியில் செய்தார். அது முதலில் தொலைக்காட்சிக்காக எழுதப்பட்ட நாடகம், மேடைக்குப் பிறகுதான் போனது. ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு ஜூரிகள் விவாதிக்கிறார்கள்; கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை. தொடக்கத்தில் கேமரா ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும். போகப்போகக் கீழே இறங்கும். கடைசிப் பகுதியில் அறையின் கூரையே அவர்கள் தலைமேல் அழுத்துவதுபோலத் தெரியும்.

ஸ்ட்ரீட்கார் படத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அது முடிவைப் பற்றியது. நாடகத்தில் ஸ்டெல்லா கணவனின் அணைப்பிலேயே நின்றுவிடுகிறாள். அக்காளை அனுப்பிவிட்டு அந்த வீட்டிலேயே வாழப் போகிறாள் என்பதுதான் அதன் கொடுமை. படத்தில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனித் திரும்ப மாட்டேன் என்று மாடிக்கு ஓடுகிறாள். தவறு செய்தவன் தண்டனை பெற வேண்டும் என்ற அன்றைய தணிக்கை விதிக்காகச் செய்த மாற்றம் அது. வில்லியம்ஸ் நம்மை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாரோ, அங்கிருந்து கைப்பிடித்து நகர்த்திவிடுகிறார்கள். படத்தைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் நாடகத்தை வரி மாறாமல் எடுக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. முதல் வாரம் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) போட்டார்கள். மாக்பெத் கதை, ஆனால் ஷேக்ஸ்பியரின் கவிதை வரிகள் அதில் இல்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பனிமூட்டமும் காடும் கோட்டையுமாக நிற்கிறது படம். அந்த இடத்தை எதை வைத்து நிரப்பினார் தெரியுமா? இன்னொரு மேடையை வைத்து. ஜப்பானின் நோ நாடக மரபை. மனைவியாக வரும் இசுசு யமடாவின் முகம் நோ முகமூடிபோல அசைவற்று இருக்கிறது. மயக்கமருந்து கலந்த மதுவை எடுத்துவர அவள் இருண்ட வாசலுக்குள் நடந்து மறைகிறாள். ஒரு சொல் இல்லை. அவளுடைய பட்டாடை தரையில் உரசும் சத்தம் மட்டும். பிறகு அதே இருட்டிலிருந்து குடுவையோடு வெளிப்படுகிறாள். அன்று அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. இதையும் நாடகத்தனம் என்றே சொல்லலாம். நான் பாராட்டாகச் சொல்கிறேன்.

இரண்டாம் வாரம் சோவியத் இயக்குநர் கோசின்ட்செவின் 'ஹாம்லெட்' (1964). போரிஸ் பாஸ்டர்நாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பு, ஷோஸ்டகோவிச்சின் இசை. மேடையில் தனிமொழி என்பது நடிகர் நம்மை நோக்கி வந்து நின்று பேசுவது. திரையில் அப்படி நிற்க வைத்தால் பல நேரம் ஒட்டாது. இங்கே ஹாம்லெட்டாக வரும் ஸ்மோக்துனோவ்ஸ்கி கடலோரப் பாறைகளுக்கிடையே வாய் திறக்காமல் நடக்கிறார். 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற தனிமொழி அவருக்குள்ளேயே ஒலிக்கிறது. நடிகர் நம்மிடம் வருவதற்குப் பதில் நாம் அவருக்குள் போய்விடுகிறோம்.

நாம் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும் மாக்பெத்தை 'மகபதி' ஆகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய 'மனோகரா' 1954-இல் படமானது. சங்கிலியில் பிணைக்கப்பட்ட மகன் அரசவையில் பேசும் பேச்சை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதே ஆண்டில் வந்தது 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர். ராதா மேடையில் பல ஆண்டுகள் நடித்து மெருகேற்றிய பிறகே அந்தப் பாத்திரம் திரைக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதை எத்தனையோ இரவுகளின் கூட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தக் குரலுக்கு முன்னால் கேமரா அசையாமல் நிற்பது குறை இல்லை, மரியாதை.

இந்தப் படங்களில் இரண்டை நான் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்து, நடுவில் அலைபேசி எடுத்து. எதுவும் ஒட்டவில்லை. எழுந்து போக முடியாத கூட்டத்துக்காக எழுதப்பட்டவை இந்த நாடகங்கள். இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பிடி எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமை நாங்கள் முப்பது பேர்கூட இருக்க மாட்டோம். ஆனாலும் அடுத்த வாரமும் போடுகிறோம் என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், அடுத்து எதைத் திரையிடலாம் என்று எழுதிப் போட. கோசின்ட்செவின் 'கிங் லியர்' (1971) என்று எழுதிப் போட்டேன். கரடுமுரடான கல்தரையில் ஏழைகள் கூட்டம் கூட்டமாகக் கோட்டையை நோக்கி நடந்துவரும் காட்சியோடு தொடங்கும் படம் அது. அரசன் வாய் திறப்பதற்கு முன்பே அவனுடைய நாட்டைப் பார்த்துவிடுவோம். ஷோஸ்டகோவிச் கடைசியாக இசையமைத்த படமும் அதுதான். நீங்களும் அதையே எழுதிப் போட்டால் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.